முதல் படகில் போகிறவனுக்கு

மகனுக்கு அம்மா எழுதுவது. சுகமா என்று கேட்கவில்லை. நீ எழுதியிருக்கும் எட்டுப் பக்கத்திலும் சுகம் வழிகிறது. படிக்கப் போன மூனிக்கிலிருந்து நீ வழக்கமாக அனுப்புவது மாதத்துக்கு ஒரு தபால் அட்டை. இந்த முறை வரைபடம், சாமான் விவரம், புகைப்படம் எல்லாம் திணித்த தடித்த உறை வந்தது. வேலையிலிருந்து வந்தவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். ஏப்ரல் மாதம் மொரோக்கோ. அட்லஸ் மலைக்குத் தெற்கே பாலைவனத்துக்குள் இறங்கும் ஆறு. மூன்று கயாக் படகுகள். ரைனர், அவர் மகன் தோமாஸ், நீ. "அப்பா முடிக்காமல் விட்ட ஆற்றை நான் முடிக்கப் போகிறேன் அம்மா, ரைனர் என்னை முதல் படகில் போகச் சொல்லியிருக்கிறார்" என்று எழுதி, முதல் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறாய்.

உன் திட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எனக்குக் கோபம் குறைவு. குடிதண்ணீருக்கு மாத்திரை போட்டால் போதும் என்கிறாய். மாத்திரை கிருமியைக் கொல்லும், சேற்றை என்ன செய்யும்? அந்த ஆற்றில் ஓடுவது காப்பி நிறத்தில் கரைந்த மண். தெளிய வைக்காமல் குடித்தால் வயிறு போகும், வயிறு போனவனால் துடுப்புப் பிடிக்க முடியாது. ஆபத்தில் எறிந்து இழுக்க மூன்று பேருக்கு இரண்டு கயிறு என்று போட்டிருக்கிறாய். ஆளுக்கு ஒன்று வேண்டும். கயிறு வைத்திருப்பவனே மாட்டிக்கொண்டால், கயிறில்லாமல் பக்கத்தில் இருப்பவன் எதை எறிவான்? வெயிலுக்குத் தொப்பி எழுதினாய், குளிருக்கு ஒன்றும் எழுதவில்லை. பாலைவனம் என்றதும் சூடு என்று நினைத்துவிட்டாய் போலும். மலையில் பனி உருகினால்தான் அந்த ஆற்றில் தண்ணீர் வரும். மண்டை வெயிலில் காயும்போதே இடுப்புக்குக் கீழே விறைத்துப்போகும். வருஷத்தில் சில வாரம்தான் படகு மிதக்கும். பிறகு ஆறு கற்குவியலாகிவிடும், நீ படகைத் தோளில் சுமந்து நடக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பாய். அதே ஆற்றுக்கு ஒரு பயணம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு குளிர்காலம் முழுவதும் திட்டமிடப்பட்டது. சமையலறைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் கதவு கிடையாது.

உன் அப்பா எப்படி இறந்தார் என்று உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆற்றில் போனார், துணிச்சலாகப் போனார். நீ அப்போது பாளையங்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். பிள்ளை மனதில் அப்பா வீரனாக இருக்கட்டும் என்று பெரியம்மா எனக்கு எழுதினாள். இருக்கட்டும் என்று விட்டேன். அது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். இருபது வயது ஆளுக்குப் போதாது. நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நடுவில் எழுந்து போவாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் திரும்ப எடுத்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அப்பா கார்ல்ஸ்ரூஹவுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஆறு வயது உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு நான் வந்தேன். பல்கலைக்கழகத்து நீரியல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. பெரிய கொட்டகைக்குள் சிமென்டிலும் மணலிலும் ஆறுகளின் சிறு மாதிரிகளைச் செய்து, தண்ணீர் விட்டு, கரை எங்கே அரிக்கும், மணல் எங்கே சேரும் என்று பார்ப்பார்கள். அவர் செய்த மாதிரியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் பொறியாளர்கள் வருவார்கள். ஞானராஜ் என்ற பெயருக்கு அங்கே யாருக்கும் நாக்கு வளையவில்லை. ராஜா என்று கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதே ஒரு சிரிப்பு இருக்கும். தலைவணங்குவதுபோல் ஒருவன் பாவனை செய்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள், இவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை எனக்கு நடித்துக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் ஒரு படகுச் சங்கத்தில் இருந்தார்கள். அதன் தலைவர்போல் இருந்தவர் ரைனர். வசந்தத்தில் சனிக்கிழமைகளில் கார்களின் கூரையில் படகுகளைக் கட்டிக்கொண்டு, ஷ்வார்ஸ்வால்ட் மலைக்காட்டில் பனி உருகி ஓடும் முர்க் ஆற்றுக்குப் போவார்கள். உன் அப்பாவை யாரும் கூப்பிட்டதில்லை. இவராகவே ரயிலேறிப் போய் ஃபோர்பாக்கில் பாலத்தின் மேல் நின்று, கீழே நுரைக்குள் படகுகள் விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு தடவை நானும் போனேன். கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவார்கள். காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "மொத பாறைக்கு எடப்பக்கம் போயிருக்கணும் அவன்" என்று இவர் என்னிடம் சொல்வார். அந்த இடத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்று கீழே படகில் இருந்த எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படகு இல்லை.

கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் என்று கேள். மொரோக்கோ யோசனை ரைனருக்கு வந்தது. எந்த வாரத்தில் பனி உருகும், எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், மலையிடுக்குக்குள் எவ்வளவு உயரம் ஓடும் என்று கணக்குப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் போடக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். ரைனர் ஒரு நாள் இவர் மேசைக்கு வந்து, "ராஜா, நீயும் வாயேன்" என்றாராம். அன்று அவர் வீட்டுக்கு வந்த வேகத்தில் படியில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். மருந்து போட்டவள் நான். அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கடிதத்தில் அதே சந்தோஷம்தான் இருக்கிறது, கோடு போட்ட சொல் உட்பட.

குளிர்காலத்தில் நீச்சல் குளத்தில் பயிற்சி. கவிழ்ந்த படகைத் துடுப்பாலேயே நிமிர்த்தப் பழக வேண்டும். மற்றவர்கள் கவிழ்ந்து நிமிர்ந்துவிடுவார்கள். உன் அப்பா நிமிரப் பார்க்கும்போது ரைனர் படகின் அடிப்பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். தலை தண்ணீருக்குள் இருக்கும், இடுப்பு படகுக்குள் மாட்டியிருக்கும், துடுப்பு அடித்துக்கொள்ளும். பாலைவனத்து ஆறு மூச்சு விட நேரம் தராது, பழகட்டும் என்று விளக்கம். குளத்தின் ஓரத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சத்தமாக எண்ணுவார்கள். வேறு யார் படகையும் அவர் அப்படிப் பிடிக்கவில்லை. நான் பார்வையாளர் பலகையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் ரைனரிடம், "இறந்துவிடுவார்" என்றேன். "ராஜாக்கள் அவ்வளவு எளிதில் இறப்பதில்லை, அம்மணி" என்று அவர் சொன்னார். உன் அப்பா கண் சிவந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக எழுந்து வந்து, "போன வாரத்துக்கு இன்னிக்கு எவ்வளவோ கூட நேரம் தாங்கிட்டேன், பாத்தியா?" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். உன் அப்பா, ரைனர், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஊவே என்ற பையன். போக இருந்தது இந்த மூன்று பேர்தான். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பழைய வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் பீர் கோப்பைகளை வைப்பார்கள். வேன் ஒன்றில் பிரான்ஸ், ஸ்பெயின் தாண்டி, கப்பலில் கடலைக் கடந்து, மலையேறி இறங்க வேண்டும். படகுகளைச் சங்கத்துக் கொட்டகையில் அவர்களே கண்ணாடி இழையும் பிசினும் பூசிச் செய்தார்கள். அந்தப் பிசின் நாற்றம் உன் அப்பாவின் தலைமுடியிலிருந்து பல வாரம் போகவில்லை. சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. சேற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க, நம் ஊரில் பானையில் உரசிவிடுகிற தேத்தாங்கொட்டையைப் பெரியம்மா தபாலில் அனுப்பினாள். ரைனர் அதை முகர்ந்து பார்த்து, மந்திரமா என்று கேட்டார். ஒரு வாளிச் சேற்றுத் தண்ணீரில் செய்து காட்டியதும் பேசாமல் மூட்டையில் வைத்துக்கொண்டார்.

படகு வரிசை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முர்க் ஆற்றில் சந்தேகமான இடம் வந்தால் கரையேறி நடந்து பார்த்துவிட்டு இறங்கலாம். அந்த மலையிடுக்கில் கரையே கிடையாது. இரண்டு பக்கமும் செங்குத்தான சுவர். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒருவன் போய்த்தான் பார்க்க வேண்டும். நல்ல வழி என்றால் அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். ஆபத்து என்றால் விசில் ஊதுவான், பின்னால் வருகிறவர்கள் சுவரைப் பிடித்து நின்றுகொள்வார்கள். அவனால் நிற்க முடியாது. அதுதான் முதல் படகு. முதல் படகுக்கு முறை வைக்க வேண்டும், ஆளுக்கு ஒரு நாள். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னால் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. உன் அப்பா நிலவறைக்குப் பீர் எடுக்க இறங்கிப் போயிருந்தார். நான் சமையலறையில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஊவே சொன்னது கேட்டது. "முதல் படகுக்கு முறை வைத்துக்கொள்வோமா?"

"வேண்டாம்" என்றார் ரைனர். "ராஜாவே போகட்டும்."

"அவன்தானே நம்மில் புதியவன்."

"யோசித்துப் பார். எனக்கு இங்கே மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், மாமனார் இருக்கிறார். உனக்கு உன் அம்மா. எனக்கு ஏதாவது ஆனால் நீ யார் யார் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும்? ராஜாவுக்கு யார் இருக்கிறார்கள்? மனைவி ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள். யாரும் வந்து கேட்க மாட்டார்கள்."

குரலைக்கூட அவர் தாழ்த்தவில்லை. நான் அவர்களோடு அதிகம் பேசாததால் எனக்கு மொழி தெரியாது என்று நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்த மொழியில் அஞ்சு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஊவே பீர் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றான். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். ஊவேயிடம் பால் வேண்டுமா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. ரைனர் நன்றி சொல்லிச் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

அவர்கள் போனபிறகு உன் அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்ட்டி" என்றார்.

"என்ன தெரியும்? யாரு சொன்னா உங்ககிட்ட?"

"யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் படகை எனக்கு எதுக்குக் குடுக்காங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போறீங்க?"

"எட்டு வருஷமா அவங்க ஆத்தையெல்லாம் நான் சிமென்டுல செஞ்சு குடுக்கேன். ஒரு சனிக்கிழமையாவது வான்னு கூப்பிட்டிருக்காங்களா? இப்போ கூப்பிடுதாங்க. முன்னால போன்னு கூப்பிடுதாங்க. வேற எப்படி எனக்கு எடம் கெடைக்கும்?"

"சாகக் கூப்பிடுதாங்க."

"முன்னால போறவனுக்குத்தான் ஆறு தெரியும். பின்னால வாறவனுக்கு முன்னால போறவன் முதுகுதான் தெரியும். ஒனக்கு இது புரியாது, விடு."

நான் விடவில்லை. அந்த வாரம் முழுவதும் சண்டை. பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அவர் கண்டுபிடித்து, ஒட்டியிருந்த அரிசித்தூசியை ஊதி எடுத்துக்கொண்டார். மகன் ஒருத்தன் இருக்கானே என்று கேட்டேன். "அவனுக்கு அவங்க அப்பன் பாலத்து மேல நின்னு பாத்தவனா இருக்கணுமா?" என்றார். அதைக் கேட்டபோது அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது. கிளம்புகிற அன்று காலை, நான் திரும்பி வரலன்னா நீ ஊருக்குப் போயிருவியா என்று கேட்டார். போகமாட்டேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ரைனரும் ஊவேயும் என் வாசலில் நின்றார்கள். முகம் கறுத்து, உதடு வெடித்து இருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை. மாடிப்படியில் வைத்தே கேட்டேன். மலையிடுக்குக்குள் ஒரு வளைவில், மேலிருந்து விழுந்த பெரிய பாறை ஆற்றை அடைத்துக் கிடந்திருக்கிறது. தண்ணீர் முழுவதும் பாறைக்கு அடியில் புகுந்து போகிறது. சேற்றுநிறத் தண்ணீரில் அது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது. அப்பாவின் படகு அதற்குள் இழுபட்டுப் போய்விட்டது. தண்ணீர் வடிந்தபிறகுதான் ஊர்க்காரர்கள் எடுத்தார்கள், அவர்கள் வழக்கப்படி அங்கேயே அடக்கம் செய்தார்கள் என்று பல வாரம் கழித்துத்தான் தகவல் வந்தது. "அவர்தான் முதலில் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார், அம்மணி. அவ்வளவு தைரியம்" என்றார் ரைனர்.

"விசில் ஊதினாரா?" என்று கேட்டேன்.

ஊவேதான் சொன்னான். "ஊதினார். இரண்டு தடவை ஊதினார். அதனால்தான் நாங்கள் இருக்கிறோம்." சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான். ரைனர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கி, போகலாம் என்றார்.

புரிந்ததா? துடுப்பால் பாறையைத் தள்ளிப் பார்த்திருக்கலாம், சுவரைப் பற்றப் பார்த்திருக்கலாம். கையில் இருந்த கொஞ்ச நேரத்தை அவர் விசிலுக்குச் செலவழித்தார், அதுவும் இந்த இரண்டு பேருக்காக. இதைப் பெருமையாக நீ எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். எனக்கு அதில் பெருமை இல்லை. ஊவே அந்த வருஷமே வடக்கே ஹாம்பர்க் பக்கம் போய்விட்டான். அதன்பிறகு துடுப்பைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். படகுச் சங்கத்தில் நினைவுக்கூட்டம் வைத்து, சுவரில் ஒரு துடுப்பை மாட்டி, கீழே பித்தளைத் தகடு அடித்தார்கள். தகட்டில் ராஜா என்று இருந்தது. அவர் பெயர் அதுவல்ல, மாற்றுங்கள் என்றேன். ஏற்கெனவே பொறித்தாகிவிட்டது, எல்லோருக்கும் இந்தப் பெயர்தானே தெரியும் என்றார்கள். போன அக்டோபரில் என்னிடம் வந்திருந்தபோது, நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மத்தியானம் நீ கிளம்பிப் போனாயே, அங்கேதான் போயிருக்கிறாய். அந்தத் தகட்டுக்குக் கீழே ரைனரின் கை உன் தோளில் இருக்க நின்று எடுத்த படத்தைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாய். படத்தில் நீ சிரிக்கிறாய். நல்ல படம். நான் அதை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

எல்லோரும் என்னை ஊருக்கு வரச் சொன்னார்கள். பெரியம்மா அழுது எழுதினாள். நான் போகவில்லை. உன் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று அவளுக்குக் காரணம் சொன்னேன். அது பாதிதான். மனைவி ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று ஒருவர் சொன்னார் அல்லவா, அந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது என்று இருந்தேன். ரைனர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான் குடியிருக்கிறேன் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த வீடு தானாகக் கிடைத்ததல்ல, தேடிப் பிடித்தது. சனிக்கிழமைச் சந்தையில் வாராவாரம் அவரைப் பார்த்து வணக்கம் சொல்வேன். முதல் இரண்டு வருஷம் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார். நானும் கடந்துபோய் வணக்கம் சொல்வேன். பிறகு பழகிக்கொண்டார். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

இப்போது அவர் உன்னைக் கண்டுபிடித்திருக்கிறார். நீ படகு பழகும் ஆக்ஸ்பர்க் கால்வாயில் உன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார், கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கலங்கியிருக்கும். அவர் அரக்கன் என்று நான் சொல்லவில்லை. உன்னைத் தன் மகனோடு சேர்த்துப் பழக்குகிறார், நல்ல துடுப்பு வாங்கித் தருகிறார், உன் அப்பாவைப் போலவே உனக்கும் ஆற்றைப் படிக்கத் தெரிகிறது என்று சொல்கிறார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். யார் உன்னை எவ்வளவு புகழ்ந்தாலும் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு, அவர் தன் பிள்ளையை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று திரும்பிப் பார். நீ அதைப் பார்க்கவில்லை. எட்டுப் பக்கம் எழுதினாய், தோமாஸ் எந்தப் படகு என்று எழுதவில்லை. உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கூட்டத்தில் இடம் கொடுக்கிறோம் என்றால் உயிரை முன்பணமாகக் கட்டுகிற புத்தி உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது. அதை நான் பாசமாகச் சொல்லவில்லை.

அதனால் நானே போய்க் கேட்டேன். உன்னிடம் அனுமதி வாங்கவில்லை. நேற்றுப் பிற்பகல் ரைனர் வீட்டுக்குக் காப்பிக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் மனைவி இங்கிரிட் நல்ல மேசைவிரிப்பை விரித்து, ஆப்பிள் கேக் செய்து வைத்திருந்தாள். உன்னைப் புகழ்ந்தாள். எவ்வளவு மரியாதையான பையன், சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துவைக்கிறான் என்றாள். அவளுக்கு நன்றி சொன்னேன். பிறகு ரைனரிடம், பயணம் எப்படி என்று கேட்டேன். உற்சாகமாகச் சொன்னார். அட்லஸில் இந்த வருஷம் பல வருஷங்களில் இல்லாத பனி, தண்ணீர் அருமையாக இருக்கும் என்றார்.

"முதல் படகில் யார்?" என்றேன்.

"உங்கள் மகன். எங்கள் மூவரில் அவன்தான் சிறந்தவன்."

"நடுவில்?"

"நான்."

"கடைசியில் தோமாஸ். அவன் எந்த வயதிலிருந்து படகு விடுகிறான்?"

"ஆறு வயதிலிருந்து."

"என் மகன் ஒன்றரை வருஷமாக."

"திறமைக்கும் வருஷத்துக்கும் சம்பந்தமில்லை, அம்மணி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மெதுவாக, "தோமாஸ் முதலில் போக அவன் அம்மா சம்மதிக்க மாட்டாள்" என்றார். இங்கிரிட் அதைக் கேட்டுச் சின்னதாகச் சிரித்தாள், ஆமாம் என்பதுபோல.

"என் மகனின் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை" என்றேன். "நீங்கள் ஊவேயிடம் சொன்னதை அன்று சமையலறையில் நான் கேட்டேன். யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்றீர்கள். இதோ வந்திருக்கிறேன்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அதற்காகத்தான் இத்தனை வருஷம் இரண்டு தெரு தள்ளி இருந்தேன், பாதியில் கண்ணைத் திருப்புவேனா? இங்கிரிட் என்ன, என்ன என்று கேட்டாள். சொன்னேன், முழுவதும் சொன்னேன், குளத்தில் படகைப் பிடித்து அழுத்தியது உட்பட. அவள் தன் கணவனிடம், "உண்மையா?" என்றாள். அவர் மறுக்கவில்லை. "திட்டத்தில் யாராவது ஒருவரை முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

"வையுங்கள்" என்றேன். "நான் பயணத்தைத் தடுக்க வரவில்லை. என் மகன் போகட்டும். தோமாஸும் போகட்டும். நீங்கள் முதலில் போங்கள்."

அவர் மூழ்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. ஆனால் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத அந்த நேரம் அவருக்கும் ஒரு தடவை கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். இது தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. தாய்ப்பாசத்தில் பாதி, மற்றது வேறு.

ரைனர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். வீம்புள்ள மனிதர். "சரி, நான் முதலில் போகிறேன்" என்றார்.

கேக் வெட்டிக்கொண்டிருந்த இங்கிரிட் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்படியானால் யாரும் போக வேண்டாம்" என்றாள். "உனக்கு ஐம்பது வயது. கண் முன்போல் இல்லை. அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று உனக்கே தெரியும். வேண்டாம், ரைனர். பயணம் இல்லை."

அவர் மனைவியைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் ஒரு வாரம் சண்டை போட்டு, பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்தும் முடியாததை, ஒரு துண்டுக் கேக் வெட்டுகிற நேரத்தில் அவள் செய்து முடித்தாள். பொறாமையாக இருந்தது. கேக் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

உன் சந்தோஷத்தை நான் கெடுத்துவிட்டேன். கோபித்துக்கொள். மாதத்துக்கு ஒன்று வரும் தபால் அட்டையும் வராமல் போனால் போகட்டும். நீ வேறு ஆறுகளுக்குப் போவாய், வேறு ஆட்களோடு போவாய், எனக்குச் சொல்லாமலும் போவாய். அங்கே முதல் படகுக்கு முறை வைத்தால், உன் முறை வரும்போது பின்வாங்காமல் போ. இந்த வாரக் கடைசியில் ரைனர் உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அன்பாகத்தான் பேசுவார். இந்த வருஷம் அட்லஸில் பனி போதாது, தண்ணீர் வராது, அதனால் பயணத்தை விட்டுவிடுவோம் என்பார். உனக்கு அப்படித்தான் சொல்லப்போவதாக வழியனுப்பும்போது என்னிடம் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு வை. ஆனால் பனி நிறையப் பெய்திருக்கிறது.

அம்மா